மூன்று வருஷத்துக்கு ஒரு கையெழுத்து

விவாகரத்து வாங்கியபோது என் மாமியாரிடமிருந்தும் சேர்த்து விடுதலை வாங்க மறந்துபோனேன். மறந்துபோனேன் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். ஆபீஸில் டீ குடிக்கிற இடத்தில் இதைச் சொன்னால் நிச்சயம் நாலு பேர் சிரிப்பார்கள். ஐந்தாவது ஆளாக நானும் சிரிப்பேன். சொந்த ஜோக்குக்குச் சிரிக்கிறவனை நம்பக்கூடாது என்று என் மனைவியாக இருந்தவள் சொல்வாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி நாலாவது வருஷம், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். முப்பத்திரண்டு வயதில் தோளில் பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனவன் நான். வாசலில் இருந்த செக்யூரிட்டி முதல் நாள், "பேரன்ட்ஸ் மீட்டிங் அடுத்த வாரம் சார்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். அந்தப் படிப்புக்குக் கல்விக்கடன் வாங்கினேன். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவர் என் மாமியார். கையெழுத்தோடு அவர் நிறுத்தவில்லை. ரிடையர் ஆனபோது கைக்கு வந்த பணத்தை அதே பேங்கில் டெபாசிட்டாகப் போட்டு, அந்த ரசீதையும் பிணையாகக் கொடுத்தார். பிறகு நானும் அவர் மகளும் பிரிந்துவிட்டோம். கடன் மட்டும் எங்களில் யாரையும் விட்டுப் பிரியவில்லை.

ஏன் மாமியார் என்று கேட்கலாம். என் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் அடையாறில் வீடு வாங்கி, அந்தக் கடனில் கழுத்து வரை நின்றுகொண்டிருந்தார். மிச்சம் இருந்தது மாமியார்தான். மந்தைவெளியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மாமனார், மகள் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு அரசு அச்சகத்துச் சம்பளத்தில் மகளை பிசியோதெரபி வரை படிக்கவைத்தவர். அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்துகிற வேலை. முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்களுடைய தப்பைத் தேடிச் சம்பளம் வாங்கினார். அப்படிப்பட்டவருக்கு மாப்பிள்ளையாகப் போகிறோமே என்று எனக்குத்தான் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடன் பத்திரம் இருபத்திரண்டு பக்கம். பேங்கில் நான் கையெழுத்து போட எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிஷம். அவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டே முழுசையும் படித்தார். மேனேஜர் இரண்டு தடவை காபி வரவழைத்தார். பதினேழாவது பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு 'not' விட்டுப்போயிருக்கு சார். இப்படியே படிச்சா, பேங்க் எங்களுக்குப் பணம் தரணும்னு வருது."

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். பத்து வருஷமாக இதே படிவத்தில்தான் ஊருக்கெல்லாம் கடன் கொடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாமியார் ஓரத்தில் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து போட்டு, கடைசிப் பக்கத்தில் பெரிய கையெழுத்து போட்டார். அதாவது, எதில் மாட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்து கையெழுத்து போட்டவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு இன்னொரு பேச்சும் நடந்தது. பேங்கிலிருந்து வெளியே வந்து மயிலாப்பூரில் டிபன் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்: "முதல்ல நீங்க முடிங்க. அப்புறம் நான் மேல படிக்கிறேன். அம்மாகிட்ட இருக்கறது ஒரே டெபாசிட். ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும்." நான், "குளியலறை மாதிரி" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவளும்தான்.

நான் படித்து முடித்தேன். புது வேலை நந்தனத்தில் கிடைத்தது. பழைய வேலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததுதான். தவணை கட்ட ஆரம்பித்தேன். அவளுடைய முறை வந்தபோது கார் வாங்கினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வருஷம் அவள் கேட்டபோது, "எக்ஸ்ரேயைப் பார்த்து முட்டியைத் தடவறதுக்கு எதுக்கு மேல்படிப்பு" என்று ஒன்று சொன்னேன். நல்ல ஜோக் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததாகச் சொல்ல முடியாது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட ஒரு விஷயத்தை சீரியஸா சொல்லணும்னு பத்து வருஷமா முயற்சி பண்றேன். ஒரு தடவைகூட முடியலை." அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. சொன்னேன். மறுவாரம் மந்தைவெளிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது என்று முடிவாயிற்று. தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் வக்கீல் ஆபீஸ். நான், அவள், மாமியார் மூன்று பேரும் போனோம். வக்கீல் தடியான மனிதர், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு காகிதங்களின் மேல் முழங்கையை ஊன்றியிருப்பார். பட்டியல் போடச் சொன்னார். குத்துவிளக்கு இரண்டு, அவள் வீட்டுச் சீர். வெள்ளிச் சொம்பு, அதுவும். கிரைண்டர் அவளுக்கு. கேஸ் கனெக்‌ஷன் என் பெயரில், எனக்கு. கீழே கடையில் யாரோ எவர்சில்வர் அடுக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தோடு எங்கள் குடித்தனம் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. இட்லிக்கொப்பரை வரைக்கும் வந்துவிட்டது.

"வேற எதாவது ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கா? ஜாயின்ட் அக்கவுன்ட், கடன், கிடன்?" என்று வக்கீல் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் மறந்துபோனதாக ஊருக்குச் சொல்லிவந்தேன். மறக்கவில்லை. அந்த இருபத்திரண்டு பக்கமும் கண் முன்னால் வந்து நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஜாமீனை மாற்று என்பார்கள். மாற்ற ஆள் கிடையாது. அடை என்பார்கள். அடைத்தால் கார் போய்விடும். பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் மூடியைக் கடித்தேன். கடனை நான் எப்போதோ அடைத்திருப்பேன் என்று நினைத்து அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

தீர்ப்பு வந்தது. நான் நங்கநல்லூரில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் குடிபோனேன். தவணையை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. இதை என் யோக்கியதைக்குச் சான்றாக எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்வேன். மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிறவன் எப்படித் தப்பான ஆளாக இருக்க முடியும்?

ஒன்றரை வருஷம் கழித்து பேங்கிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒன்று வரும். கடன் காலாவதி ஆகாமல் இருக்க, வாங்கியவரும் ஜாமீன் போட்டவரும் சேர்ந்து வந்து, 'ஆமாம், இந்தக் கடன் இருக்கிறது, நாங்கள் பொறுப்பு' என்று மறுபடி கையெழுத்து போட வேண்டும். முன்பு வந்தபோது குடும்பமாகப் போய் கையெழுத்து போட்டுவிட்டு, கபாலி கோயிலையும் பார்த்துவிட்டு வந்தோம். இந்தத் தடவை அந்தக் கடிதத்தை ஒரு வாரம் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தானாகப் பற்றிக்கொண்டால் என் பொறுப்பு இல்லை என்று ஒரு நினைப்பு. பற்றிக்கொள்ளவில்லை.

மாமியாருக்குப் போன் செய்தேன். "நான்தான்" என்று சொல்லிவிட்டு, நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

"தெரியுது" என்றார்.

பேங்க் கடிதம் பற்றிச் சொன்னேன்.

"எனக்கும் வந்துது. எத்தனை மணிக்கு?"

"புதன்கிழமை பதினொரு மணி, அத்தை." வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது.

"சரி" என்று வைத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது குறைவு. மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், மகளிடம், "மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார்கள். மகள் கேட்பாள், மாப்பிள்ளை மகளிடம் பதில் சொல்வார், ரசம் வரும். பத்து வருஷம் எனக்கு ரசம் அப்படித்தான் வந்தது. இப்போது நடுவில் மகளும் கிடையாது, மாப்பிள்ளை என்ற பெயரும் கிடையாது.

பேங்கில் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மடியில் கைப்பை. நடுவில் ஒரு நாற்காலி விட்டு நான் உட்கார்ந்தேன். கடன் பிரிவில் ஒரு இளம்பெண் அதிகாரி. சின்ன வயசு, வேகமான பேச்சு. படிவத்தை அச்சடித்து எங்கள் முன்னால் வைத்தார். மாமியார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வழக்கம்போல் முதல் வரியில் விரலை வைத்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார். கடனாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் கம்ப்யூட்டர் பழைய நினைப்பில் 'மருமகன்' என்று அச்சடித்திருந்தது.

கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனா வந்தது. அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் வாலோடு ஒரு சுழி போட்டார்.

"மேடம், அது என்ன அடையாளம்?" என்று அதிகாரி கேட்டார்.

"இதை எடுத்துடுங்கன்னு அர்த்தம்."

"எடுத்துட்டு அந்த எடத்துல என்ன போடறது?"

"அது நீங்க பார்த்துக்கணும்மா. எடுக்கறது வரைக்கும்தான் என் வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி புரியாமல் என்னைப் பார்த்தார். "டிவோர்ஸ் ஆயிடுச்சுங்க" என்றேன். அவர் உடனே திரையைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

மாமியார் படிவத்தை முழுசாகப் படித்து முடித்தார். பிறகு அதிகாரியிடம் கேட்டார்: "நான் இதுல கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்?"

"பிரச்சினை ஆயிடும் மேடம். முழுக் கடனையும் இப்பவே கட்டச் சொல்லி சாருக்கு நோட்டீஸ் போகும். அப்புறம் உங்க டெபாசிட்ல..."

"அது தெரியும். பன்னண்டாவது பக்கம். இன்னொண்ணு கேக்கறேன். என் பொண்ணுக்கு மேல்படிப்புக்கு எடம் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷப் படிப்பு. மாசக் கடைசிக்குள்ள முதல் ஃபீஸ் கட்டணும். இதே டெபாசிட்டை வெச்சு அவளுக்குக் கடன் தருவீங்களா?"

அதிகாரி தலையை ஆட்டினார். "ஒரே டெபாசிட்டை ரெண்டு கடனுக்கு வெக்க முடியாது மேடம். முதல்ல இந்தக் கடன்லருந்து அது வெளிய வரணும். சார் இதை அடைக்கணும், இல்ல வேற ஜாமீன் கொண்டுவரணும்."

"அவரைக் கேளுங்க, முடியுமான்னு."

அதிகாரி என் பக்கம் திரும்பி நிஜமாகவே கேட்டார்: "முடியுமா சார்?"

ரசம் வேணுமா என்பது மாதிரியே இருந்தது. நான் அதிகாரியிடம், "டைம் வேணும்னு சொல்லுங்க" என்றேன்.

"மாசக் கடைசி வரைக்கும் இந்தக் கையெழுத்தை நிறுத்தி வெக்கலாமான்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார் மாமியார். மூன்று பேரில் அதிகாரி மட்டும் எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். டைம் கிடைத்தது.

வெளியே வந்தோம். அவர் வீடு நடக்கிற தூரம்தான், ஆனாலும் வெயில் அதிகமாக இருந்ததால் ஒரு ஆட்டோவுக்காக மரத்தடியில் நின்றோம். அங்கே எங்களுக்கு நடுவில் யாரும் கிடையாது. கொஞ்ச நேரம் போகிற வண்டிகளைப் பார்த்தோம்.

"மாசம் தவறாம கட்டியிருக்கீங்க. அதுல நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார். ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என்னிடம் சொன்னார்.

"எனக்கு அன்னைக்கு வக்கீல் ஆபீஸ்ல இது சுத்தமா..." என்று ஆரம்பித்தேன்.

"பேனா மூடியைக் கடிச்சீங்க." 

பையில் இருந்த பேனாவைத் தொட்டுப்பார்த்தேன்.

"முப்பத்து மூணு வருஷம் எழுதறவங்களைப் பார்த்திருக்கேன். எங்க விட்டுட்டாங்க, எங்க வேணும்னு விட்டாங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சும் நீங்க ஏன் சொல்லலை அத்தை?"

"சொல்லியிருந்தா நீங்க பிரியறதுக்கே ஒத்துக்கமாட்டேன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. இல்ல, அந்தப் படிப்புல அவளுக்கும்தானே சோறு போட்டேன்னு ஒரு கணக்கு வந்திருக்கும். இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருக்கும். என் பொண்ணு அப்ப எடை குறைஞ்சு எப்படி இருந்தான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியலை. டெபாசிட் கிடந்துட்டுப் போகட்டும், அவ வெளிய வந்தா போதும்னு இருந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"டெபாசிட் இன்னும் மாட்டிக்கினு இருக்குன்னு போன வாரம்தான் சொன்னேன். நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சுக்கினு இருக்கா."

ஆட்டோ வந்தது. டிரைவர் எங்கள் இருவரையும் பார்த்து, "எங்கம்மா போணும், ரெண்டு பேரா?" என்றார். "ஒருத்தர்" என்று அவர் ஏறிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி வெங்காய பஜ்ஜி போட்டிருந்தார். இரண்டாவது பஜ்ஜியில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் மூன்றாவது பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஜாமீன் கையெழுத்து மட்டும் கேக்காதடா."

"நான் ஒரு மாசம்கூடத் தவணையை விட்டதில்லையே."

"நீ விடமாட்டே. எனக்குத் தெரியும். ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உன்கூட வந்து பேங்க்ல உக்கார்ந்து, இவன் எனக்கு என்ன உறவுன்னு யோசிச்சுக்கினு இருக்கணும். உனக்கு கையெழுத்து போட்டா நானும் உனக்கு மாமியார் ஆயிடுவேன்."

அண்ணி உள்ளேயிருந்து, "அவங்களாவது பத்து வருஷம் தாங்கினாங்க" என்றார். எங்கள் வீட்டில் ஜோக் அடிக்கிற வியாதி எனக்கு மட்டும் இல்லை.

"எவ்வளவு பாக்கி?" என்று அண்ணன் கேட்டார். சொன்னேன். வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"காரை வித்தா?"

"கொஞ்சம் வரும்."

"எதாவது பாலிசி கிலிசி?"

"ஒண்ணு இருக்கு."

"ரெண்டையும் போடு. மிச்சம் எவ்வளவு விழுதோ நான் தரேன். கையெழுத்து வேணாம், திருப்பிக் குடுக்கறது உன் இஷ்டம். பணம்னா போனா போகுதுன்னு இருந்துடலாம்டா. கையெழுத்துன்னா தூக்கம் போயிடும்."

அடுத்தவர் தூக்கத்தை எடுத்துக்கொண்டு அத்தனை வருஷம் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. பஜ்ஜி ஆறிவிட்டது.

காரை வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஓட்டவே இல்லையா சார்?" என்றார். "வாங்கினதே மத்தவங்க பார்க்கறதுக்குத்தான்" என்றேன். அது ஜோக் இல்லை என்று அவருக்குத் தெரியாது. பாலிசியை முறித்தபோது கவுன்ட்டரில் இருந்தவர், இன்னும் சில வருஷம் கட்டினால் முழுசாக வரும், இப்போது எடுத்தால் நஷ்டம் என்று இரண்டு தடவை சொன்னார். செத்த பிறகு யாருக்கோ போகிற பணத்தை உயிரோடு இருக்கும்போதே கையில் வாங்குகிறேன், இதில் எனக்கென்ன நஷ்டம் என்றேன். யாருக்குப் போகும் என்று எழுதியிருந்த இடத்தில் இன்னும் அவள் பெயர்தான் இருந்தது. அதையும் நான் மாற்றவில்லை. அது மட்டும் உண்மையிலேயே மறந்துபோனது.

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது கடனை அடைத்தேன். டெபாசிட் ரசீதைத் திருப்பி வாங்க மாமியார் நேரில் வர வேண்டும் என்றார்கள். அன்றைக்கே மகளுடைய கடன் விண்ணப்பத்தையும் கொடுத்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் போனபோது இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். 

அவளை ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தேன். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருக்கிறாள் போல, வெள்ளைக் கோட்டு மடித்துக் கையில் இருந்தது. முடியைக் குறைத்திருந்தாள். உடம்பு தேறியிருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

அதே பெண் அதிகாரி. கடன் முடிந்தது என்ற கடிதத்தை என்னிடமும் டெபாசிட் ரசீதை மாமியாரிடமும் கொடுத்தார். மாமியார் ரசீதை வாங்கிப் படித்தார். பிறகு என் கடிதத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். அதையும் படித்தார். சிவப்புப் பேனா வெளியே வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, அடையாள அட்டை நகல் எடுக்க வேண்டும் என்று எழுந்து அடுத்த கவுன்ட்டருக்குப் போனார். நகல் ஏற்கெனவே கைப்பையில் இருந்திருக்கும். அவர் நகல் எடுக்காமல் வரக்கூடியவர் இல்லை.

அவளும் நானும் மட்டும் இருந்தோம். காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்லலாம் என்று ஒன்றிரண்டு தயார் செய்து வைத்திருந்தேன். அவள் காரைப் பற்றிக் கேட்கவில்லை.

"அன்னைக்கு வக்கீல் கேட்டாரே, வேற எதாவது இருக்கான்னு."

"ஆமா."

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

மறந்துட்டேன் என்று சொல்லிவிடலாம். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அது தெளிவாகத் தெரிந்தது. மறந்துட்டேன் என்று சொன்னால் அவள் நம்பவும் செய்வாள். கடனையும் அடைத்துவிட்டேன். அந்தச் சொல்லால் இனி யாருக்கும் எந்த நஷ்டமும் கிடையாது. நாக்கின் நுனிக்கு வழக்கம்போல் ஒரு ஜோக்கும் வந்து நின்றது. பத்து வருஷமாக சீரியஸாகப் பேச முயன்ற ஒருத்தி கேட்கிற கேள்வி இது என்று அப்போதுதான் உறைத்தது.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள் என நினைக்கிறேன். வரவில்லை என்று தெரிந்ததும், "ம்" என்றாள். கோட்டை மடியில் இன்னொரு மடிப்பு மடித்தாள். அவ்வளவுதான்.

மாமியார் திரும்பி வந்தார். விண்ணப்பத்தில் மகள் கையெழுத்து போட்டாள். ஜாமீன் பக்கத்தை மாமியார் விரல் வைத்துப் படித்து முடித்தார். அது ஆக இருபது நிமிஷம். நான் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று அவரே கையால் எழுதினார்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும். இதோ சார் இருக்காரே, போடட்டும். இதுல பொறுப்பு ஒண்ணும் கிடையாது, சும்மா பார்த்தேன்னு சொல்றதுதான்" என்று பேனாவை என் பக்கம் நீட்டினார்.

கை பேனாவுக்குப் போய்விட்டது.

"அவர் வேண்டாம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரிதான் சொன்னாள். மாமியார் நிமிரவில்லை.

பேங்க் புத்தகத்தில் வரவு போட வரிசையில் நின்ற ஒரு பெரியவரை அதிகாரி கூப்பிட்டார். அவர் யாருக்கு, எதற்கு என்று எதுவும் கேட்காமல், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகக் கையெழுத்து போட்டுவிட்டு, தன் வரிசையில் இடம் போயிருக்கிறதா என்று பார்க்க ஓடினார்.

நான் எழுந்தேன். "வரேன் அத்தை" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வண்டி?" என்றார். நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

"வித்துட்டேன். மந்தைவெளியில ரயில் ஏறி வேளச்சேரி, அங்கருந்து பஸ்."

"பார்த்துப் போங்க."

ஸ்டேஷன் வரை நடந்தேன். கடன் முடிந்த கடிதம் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் சாட்சி போட்டதையும் நான் போட முடியாததையும் பற்றி மிக நல்ல ஜோக் ஒன்று, அவள் 'வேண்டாம்' என்ற அதே நொடியில் எனக்குத் தோன்றியிருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். அங்கே சொல்லவில்லை. ஆபீஸில் டீ குடிக்கிற இடத்திலும் இதுவரை சொல்லவில்லை.